அரிக்கமேட்டு மணியும் படுகளத்து மண்ணும்

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் வந்து, அரியாங்குப்பத்தில் வீராம்பட்டினம் போகும் பக்கம் திரும்பினால் அரிக்கமேடு. ஆற்றோரமாக மாமரமும் தென்னையும் நிற்கும் தோப்பு. நடுவில் இடிந்த செங்கல் சுவரும் தூண்களும். போன மார்கழியில் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் அங்கே கூட்டிப் போனேன். சின்னவன் ஓடிப்போய்ச் சுவரில் கை வைத்து, "மாமா, இது ரோம்காரங்க கட்டினதா?" என்று கேட்டான். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பமும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவர் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய மிஷன் வீட்டின் மிச்சம். பார்க்க வந்த 2000 ஆண்டுப் பழமை, நாங்கள் நின்ற மண்ணுக்குக் கீழே இருந்தது. தோண்டி, அளந்து, எழுதி வைத்துவிட்டு, குழிகளைத் திரும்ப மூடிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிவது வேறொரு காலம், தேடி வந்தது கண்ணில் படாது. இதைப் பையனுக்குச் சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. பழைய வரலாற்றையும் புராணத்தையும் இன்றைக்கு இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். புராணம் உயிரோடு இருப்பது மாறிக்கொண்டே இருப்பதால். ஒவ்வொரு ஊரும் தன் மண்ணைக் கொஞ்சம் அதில் பூசிக்கொள்கிறது. வரலாற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. எதுவரை ஆதாரம் இருக்கிறது, எங்கிருந்து நம் கற்பனை தொடங்குகிறது என்ற கோட்டைக் காட்டினால்தான் அது உயிர் பெறும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறினால் இரண்டுமே கெட்டுப்போகும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரை எண்ணிச் சொல்லிவிடலாம். சில இடங்களில் தர்மராஜா கோயில் என்பார்கள். திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் பெரும்பாலும் வில்லிபாரதத்தைப் பாடி விளக்குவார். வில்லிபுத்தூரார் இந்தத் திருமுனைப்பாடி நாட்டுக்காரர் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 10 பருவங்கள் பாடி, போர் முடிவதோடு அவர் நிறுத்திக்கொண்டார். ஊர்த் திருவிழாவும் அதே இடத்தில்தான் முடிகிறது. போருக்குப் பின்னால் வரும் துறவும், பாண்டவரின் கடைசிப் பயணமான மகாப்பிரஸ்தானமும் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் மிருதங்கமும் முகவீணையும் தொடங்கும். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் கிரீடம் மட்டும் ஆடும். வேஷக்காரர் உள்ளிருந்தே பாடுகிறார். துரியோதனன் வந்துவிட்டான் என்று தெரியும், ஆனால் முகம் தெரியாது. அந்தக் காத்திருப்பில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்காருவார்கள். திரை விலகியதும் கட்டியங்காரன் முன்னால் வந்து, "ஐயா, தாங்கள் யாரு? எந்த ஊரு?" என்று கேட்பான். அத்தினாபுரத்து ராஜா செந்தமிழில் பதில் சொல்வார். கட்டியங்காரன் அதை நம் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்வான். நடுவில் ஏரியில் தண்ணீர் இல்லாததையும் ரேஷன் கடை வரிசையையும் சேர்த்துக்கொள்வான்.

அவனை வெறும் கோமாளி என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூத்தின் மூளையே அவன்தான். பார்க்கிறவர்களில் ஒருவன் மேடையேறி, பழைய காலத்துக்குள் நின்றுகொண்டு, நம் சார்பில் கேள்வி கேட்கிறான். அவன் இருப்பதால் ராஜா தன் மொழியைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழையது பழையதாகவே நிற்கிறது, நமக்கும் புரிகிறது. பழங்கதையை இன்றைய ஆட்களுக்கு ஏற்றதாக்குகிறேன் என்று கதையையே கரைத்துத் தண்ணீராக்குகிறவர்கள் ஒரு ராத்திரி இந்தக் கட்டியங்காரனைப் பார்க்க வேண்டும்.

துகில் நடக்கும் இரவு வேறு மாதிரி. சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷம் கட்டியவர் அம்மனைக் கும்பிட்டு, வேஷத்துக்காகச் செய்கிறேன், பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொள்வார். பாஞ்சாலியாக நிற்பவரும் ஆண்தான், விடிந்தால் வயலுக்குப் போகிறவர். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கூட்டத்தில் பெண்கள் சாமி வந்து ஆடுவார்கள். கதை என்பதும் நிஜம் என்பதும் அந்த நேரத்தில் தனித்தனியாக இல்லை.

அப்புறம் படுகளம். வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் பல அடி நீளத்துக்குப் படுக்கவைத்து, வர்ணம் பூசி, கண் மீசை எழுதி வைத்திருப்பார்கள். அந்த உடம்பின் மேலேயே வீமனும் துரியோதனனும் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். தொடை பிளக்கும் இடத்தில் செந்நிற நீர். அதைத் தொட்டுப் பாஞ்சாலியின் கூந்தலை முடிந்து பூ வைப்பார்கள். காந்தாரி துடைப்பமும் முறமும் எடுத்துக்கொண்டு வந்து மகனுக்காக ஒப்பாரி வைப்பாள். நான் சிறுவனாக இருந்தபோது கெட்டவன் செத்தால் எதற்கு அழுகிறார்கள் என்று பாட்டியைக் கேட்டேன். "அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதானடா" என்றாள். பாரதத்தைப் பற்றி இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த உரையிலும் படித்ததில்லை. எல்லாம் முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், நெல் வைக்கும் இடத்தில் போட. மாலையில் தீமிதி.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே வெறுமனே பார்க்கிறவர் என்று யாரும் கிடையாது. மண் சுமந்தவர், விரதம் இருந்தவர், அழுதவர், நெருப்பில் இறங்கியவர் என்று ஊரே கதைக்குள் ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறது. கதையும் எங்கோ வடக்கில் நடந்ததாக நின்றுவிடுவதில்லை. குருக்ஷேத்திரம் இதோ இந்தத் தரிசுதான்.

இதே காரியத்தை அச்சில் செய்தவர் பாரதி. 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்தாண்டு இங்கே இருந்தவர். அவர் குடியிருந்த தெருவுக்குப் பெயரே ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. எளிய சொல், எளிய நடை, பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு இவற்றோடு இந்தக் காலத்தில் ஒரு காவியம் செய்து தருகிறவன் தாய்மொழிக்குப் புது உயிர் தருகிறான் என்று முன்னுரையில் எழுதினார். வியாசரின் கதையைத்தான் தழுவினேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடத்தில் கவிஞர் சும்மா இருக்கவில்லை. கோயிலில் பூசை செய்கிறவன் சிலையை விற்றதைப் போல, வாயில் காக்க வைத்தவன் வீட்டையே தோற்றதைப் போல என்று குறுக்கே புகுந்து திட்டுகிறார். பாஞ்சாலியை இழுத்துப் போகும் வீதியில் வேடிக்கை பார்த்துப் புலம்பிய ஜனங்களையும் நெட்டை மரங்கள் என்று ஏசுகிறார். கட்டியங்காரன் செய்யும் வேலையைப் பாரதி தானே எடுத்துக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது. ஆங்கிலேயனுக்கு அடிமைப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு அதைப் படித்தவருக்கு, அந்தத் தெருவில் நின்ற மரம் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அந்தக் காலத்து நாடக மேடையில் புராணக் கதைகளை ஊர் ஊராகக் கொண்டுபோன சங்கரதாஸ் சுவாமிகளும் 1922இல் புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சரி, புராணத்துக்கு இது பொருந்துகிறது. புராணமும் வரலாறும் பின்னிக் கிடக்கும் இடத்தில் என்ன செய்வது? அதற்குக் கடலூரைவிட நல்ல பாடம் வேறில்லை.

பேருந்து நடத்துனர் "திருப்பாப்புலியூர்" என்று கத்தும் திருப்பாதிரிப்புலியூர்தான் அந்த இடம். அப்பர் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தார், சூலை நோய் கண்டது, அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார், 'கூற்றாயினவாறு' பாடினார், நோய் நீங்கியது. பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான். அவர் 'சொற்றுணை வேதியன்' பாட, கல் தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தது. அவர் கரையேறிய இடமென்று கடலூர் வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்ட குப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஒரு கதை ஊர்ப் பெயராகவே தங்கிவிட்டால் அதற்கு வேறு நினைவுச் சின்னம் தேவையில்லை.

இந்தக் கதையை முழுசாக நமக்குச் சொல்வது பெரியபுராணம். அது 12ஆம் நூற்றாண்டு நூல். அப்பர் 7ஆம் நூற்றாண்டு. நடுவில் சுமார் 500 ஆண்டுகள். மன்னன் மகேந்திரவர்மன் என்பதற்குச் சில பிடிகள் உண்டு. அவனுக்குக் குணபரன் என்ற பட்டம் இருந்தது. வேறு நெறியிலிருந்து இலிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதைத் திருச்சிராப்பள்ளி மலைக் குகையில் உள்ள அவனுடைய கல்வெட்டு சொல்கிறது. மனம் மாறிய மன்னன் பாடலிபுரத்து, அதாவது இதே திருப்பாதிரிப்புலியூரின், சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றைக் கொண்டு திருவதிகையில் குணபர ஈச்சரம் கட்டினான் என்று பெரியபுராணம் பாடுகிறது.

இங்கேதான் சொல்கிறவர் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். இடிபட்ட அந்தப் பள்ளியில் என்ன இருந்தது? லோகவிபாகம் என்றொரு சமண நூல். உலகத்தின் அமைப்பை, தீவுகளையும் கடல்களையும் கோள்களையும் கணக்கோடு விவரிப்பது. பாடலிகா என்ற ஊரில், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல் எழுதி முடித்ததாக அந்த நூலே குறிக்கிறது. மூலப் பிராகிருதம் போய்விட்டது, சமஸ்கிருத வடிவம் கிடைத்திருக்கிறது. இடமதிப்பு முறையில் சுழியத்தோடு எண்களைச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் ஒன்றாக அதைக் கணித வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். பாடலிகா என்பது நம் பாதிரிப்புலியூர்தான் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. பாதிரி மரத்துக்கு வடமொழியில் பாடலி. அந்த மரம்தான் இன்றும் பாடலீசுவரர் கோயிலின் தலமரம்.

ஆக, திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்தில் நிற்கும் கல்லூரிப் பிள்ளையிடம் சொல்ல நம்மிடம் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று கல் மிதந்த கதை. இன்னொன்று, அதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரில் துறவிகள் உட்கார்ந்து சுழியம் போட்டு உலகத்தை அளந்த கதை. முதல் கதையைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்தியோடு கேட்கிறவருக்கு அது முழுசாகவே கிடைக்கட்டும். பக்கத்தில் இரண்டாவதையும் வைக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. சைவர் சொன்ன கதையில் சமணர் வில்லனாக மட்டுமே வருகிறார்கள். படுகளத்தில் துரியோதனனுக்கு அழ ஆள் இருக்கிற ஊரில், பாடலிபுரத்துத் துறவிகளுக்கும் ஒரு வார்த்தை பேச ஆள் வேண்டாமா?

காட்டுமன்னார்கோயிலில் கதை வேறு திசையில் போகிறது. அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நேரடியாகப் பேசும் கல்வெட்டு அது. நாவலும் சினிமாவும் பார்த்துவிட்டு இப்போது நிறைய இளைஞர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் போய்ப் பார்த்தால் இருப்பது நில விவகாரம். துரோகிகளான சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசன் முதலியோரின் சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்து விற்பது பற்றி அரசன் ஊர்ச் சபைக்கு அனுப்பிய ஆணை. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்றவர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை.

சிலர் ஏமாந்து திரும்புகிறார்கள். அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லையே என்று எனக்கு ஆதங்கம். இந்தப் பத்திரப்பதிவு நடையில்தான் சுவாரசியமே இருக்கிறது. ஓர் இளவரசன் கொலை, ஆயிரம் ஆண்டு கழித்து நம் கைக்கு வந்து சேர்வது நில விற்பனை ஆவணத்தின் ஓரமாக. அந்த ஓரத்தைச் சுற்றி எழுத்தாளர்கள் கட்டியது எல்லாம் கதை. கதை நன்றாகவே இருக்கலாம். கல்வெட்டு முன்னால் நின்று, இது இங்கே எழுதியிருக்கிறது, இது எழுதியில்லை என்று விரல் வைத்துக் காட்டுகிறவர் ஒருவர் இருந்தால், அந்த எழுதப்படாத இடமே கேட்கிறவரைப் பிடித்துக்கொள்ளும். கொலையாளி யார் என்று சொல்லி முடித்துவிட்டால் அவருக்கு யோசிக்க என்ன மிச்சம்?

கைபேசித் திரையில் ஓடும் குட்டிக் காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மகேந்திரவர்மன் கதைக்குப் பின்னால் ஏழுநிலைக் கோபுரம் நிற்கிறது. அப்படிப்பட்ட கோபுரங்கள் எழப் பல நூற்றாண்டு இருந்தது. படம் வரையும் செயலிக்கு இது தெரியாது, சொல்கிறவராவது பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நல்ல குரலும் நல்ல உழைப்பும் உள்ளவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்களால்தான் பிள்ளைகள் அரிக்கமேடு என்ற பெயரையே கேள்விப்படுகிறார்கள்.

அந்த அரிக்கமேட்டுக் கதையையே எத்தனை விதமாகச் சொல்லிவிட்டோம் பாருங்கள். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, 1769இல் மேகம் மறைத்ததால் பார்க்க முடியாமல் போன வானியலாளர் லெ ஜான்தி, இந்த இடத்தின் பழஞ்சுவர்களைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர். 1930களில் இங்கே பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய், ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கிய மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று கருதப்பட்ட முகம் செதுக்கிய கல் ஒன்றும் கிடைத்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பளபளப்பு மண்கல ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஏற்கெனவே தெரியும் என்பதால், அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கிடைத்த முதல் உறுதியான முளைக்குச்சி அது. கிரேக்க மாலுமி ஒருவர் 1ஆம் நூற்றாண்டில் எழுதிய கடல்வழிக் குறிப்பில் வரும் பொதுகே துறைமுகம் இதுதான் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து.

வீலர் இதை ரோம வணிக நிலையமாகவே பார்த்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டியபோது, ரோம வணிகம் சூடுபிடிப்பதற்கு முன்பே இங்கே ஊர் இருந்ததும், வணிகம் ஓய்ந்த பிறகும் மக்கள் இருந்ததும் தெளிவானது. கப்பல் வந்து போனது. ஊர் இங்கேயே இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் கண்ணாடி மணி செய்தார்கள், கல்மணி அறுத்தார்கள், தமிழ் பிராமியில் பானையில் பெயர் கீறினார்கள். ஆனாலும் நாம் பிள்ளைகளிடம் சொல்லும்போது ரோம்காரனிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். அதனால்தான் சின்னவன் சுவரில் கை வைத்து அப்படிக் கேட்டான்.

அன்று மத்தியானம் புதுச்சேரிக்குத் திரும்பி, செயின்ட் லூயி தெரு அருங்காட்சியகத்துக்குப் போனோம். அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கும் அறையில் பெரியவள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை.

"மாமா, இத்தனூண்டு மணியில நடுவுல எப்படி ஓட்டை போட்டாங்க?"

"ஓட்டை போடவே இல்லம்மா. முதல்ல ஓட்டை, அப்புறந்தான் மணி."

அவளுக்குப் புரியவில்லை. கண்ணாடியை உருக்கி இரும்புக் கோலில் உருண்டையாக எடுத்து, நடுவில் குடைந்து உள்ளே வெற்றிடம் வைப்பார்கள், பிறகு கம்பி போல இழுப்பார்கள், எவ்வளவு மெலிந்தாலும் நடுவில் குழல் அப்படியே இருக்கும் என்று சொன்னேன். அந்தக் குழலைப் பொடிப்பொடியாக நறுக்கி, துளை மூடிக்கொள்ளாமல் இருக்கச் சாம்பலில் கலந்து மறுபடி சூடுபடுத்தினால் கூர்முனை மழுங்கி மணி உருண்டுவிடும். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இதே மாதிரி முறையில் 20ஆம் நூற்றாண்டிலும் மணி செய்தார்கள் என்றேன்.

அவள் தன் மணிக்கட்டில் இருந்த பாசிமணி வளையலைச் சுழற்றி, ஒரு மணியைத் தள்ளி, துளையின் ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு அவனிடமும் காட்டினாள்.